கரப்பான் தோலும் கத்திரி வெயிலும்

நைனா,

செவ்வாய்க்கிழமை காலையில் தோசைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாய். நில அளவைத் துறையில் வேலை கிடைத்துவிட்டது, பயிற்சி ராமநாதபுரம் பக்கம், மூன்று மாதமும் வெட்டவெளியில்தான். தோல் வியாதி என்று டாக்டர் சான்றிதழ் வைத்து மனு கொடுத்தால் வெளி வேலையை விட்டு ஆபீஸில் வரைபடம் பார்க்கிற வேலைக்குப் போட வாய்ப்பு உண்டு என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "யம்மா, மனு குடுக்கட்டுமா வேணாமா? நீ இன்னா சொல்ற?" என்றாய். நான் "மொதல்ல துன்னு, ஆறிடப் போவுது" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ரயில். வாயால் பதில் சொன்னால் நடுவில் அழுகை வரும், நீ அந்த அழுகையையே பதிலாக எடுத்துக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுகிற கடிதம், நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. உன்னைப் போன்ற தோலோடு பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு ஒரு அம்மாவின் கைக்கு இது போனாலும் எனக்குச் சம்மதமே.

உனக்கு ஆறு மாதம் ஆனபோது இரண்டு கன்னமும் சிவந்து சொரசொரத்தது. பால் காய்ந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அதிகமானது. கோவில்பதாகையில் நம் தெருவில் யார் பார்த்தாலும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், கரப்பான் என்று. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று பால் கொடுக்கிற நான் பத்தியம் இருந்தேன். நீ வளர வளர அது முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, கண்ணிமை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. பனி நாளில் வறண்டு வெடிக்கும். வெயில் நாளில் வியர்வை பட்டு எரியும். வருஷத்தில் உனக்கு நிம்மதியான மாதம் எது என்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் உன் தோலையும் எழுதத் தொடங்கியது அப்போதுதான். என்ன சாப்பிட்டாய், என்ன சோப்பு, எந்த இடம் சிவந்தது, எத்தனை நாளில் அடங்கியது என்று எல்லாம் இருக்கும். உன் அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, புள்ளக்கு ஜாதகமா?" என்று கேட்டார். அந்த நோட்டை ஒழுங்காக எழுதிய நானே ஒரு முறை அதைத் திறக்காமல் விட்டேன். அந்தக் கதை உனக்கும் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ அதைக் கேட்டதில்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் உன்னை முந்த ஆள் இல்லை என்று உன் பி.டி. மாஸ்டர் அப்பாவிடமே சொன்னார். ஆடி மாதம், இரண்டாவது வெள்ளிக்கு முந்தின நாள். மண்டல அளவில் ஓடுவதற்கு ஆள் எடுக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. மைதானத்தில் பயிற்சி முடித்து வந்த நீ முகம் கழுவாமல் படுத்துவிட்டாய். போய்ப் பார்த்தால் நெற்றி, கன்னம், கழுத்தெல்லாம் சிவப்பு, அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளம். தொட்டால் சுடுகிறது. என் மனம் வேறு எங்கும் போகவில்லை. ஆடி மாதம், முகத்தில் முத்து முத்தாக. தாயே, என் வீட்டுக்கா வந்தாய் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பதை நிறுத்தினேன். யாரும் உள்ளே வரக்கூடாது என்றேன். உனக்கு வெள்ளைத் துணி விரித்து அதில் வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தேன். அம்மை வந்த உடம்புக்கு மருந்து போடக்கூடாது என்று நீ தினமும் பூசுகிற களிம்பைப் பரணில் தூக்கிப் போட்டேன். குளியலும் கிடையாது. காலையும் மாலையும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து முகம் பூராவும் பூசினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாய். அம்மன் சோதிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உனக்கு உண்மை தெரியும். நீ ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெற்ற தாயே கைகூப்பி "அம்மா, தாயே, குளுந்து போம்மா" என்று கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். இளநீரும் கூழும் வைத்துவிட்டு எல்லாரும் விழுந்து கும்பிடாத குறை. அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, இது அம்மை இல்லை, நான் ஒரு க்ரீம் பூசினேன் என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்?

ஐந்தாம் நாள் உன் சினேகிதன் சாதிக் வந்தான். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யம்மா, அவன் ஏன் வரல? மாஸ்டர் கேக்கறாரு."

"அம்மா வந்துகீதுடா. கிட்ட வராத."

"யாரு அம்மா? ஆயாவா?"

"டேய், அம்மைடா. மூஞ்சி பூரா முத்து போட்டுகீது."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னான். "மூஞ்சில மட்டுமா? யம்மா, அது அம்மை இல்லமா. வெயில்ல எரியுதுன்னு சொன்னான், எங்க அக்கா வெயிலுக்குப் பூசற க்ரீமை எட்த்துகினு வந்து நான்தான் குடுத்தேன். ரோஸ் வாசனை வரும் பாரு, அது. பூசின ஒடனே எரியுதுன்னான். போவப் போவ சரியாயிடும்னு நான்தான் சொன்னேன். என்னை அடிக்காத."

நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலமே தோல் டாக்டரிடம் போனோம். வயதான அம்மா அவர். உன் முகத்தைப் பார்த்ததும் கையுறை மாட்டிக்கொண்டார். வாசனை சேர்த்த க்ரீம் ஒத்துக்கொள்ளாமல் வந்த சிவப்பு, அதை நிறுத்தி மருந்தைப் போட்டிருந்தால் சில நாளில் அடங்கியிருக்கும் என்றார். அதன்மேல் அரைத்துப் பூசி, வழக்கமான களிம்பை நிறுத்தி, வியர்வையோடு படுக்கவைத்ததில் தோல் உடைந்து சீழ் வைத்துவிட்டது. நான் "அம்மன் கோவிச்சிக்கும்னு பயந்துட்டேன் டாக்டர்" என்றேன். "சாமிக்குக் கோவம் இல்லம்மா, தோலுக்குத்தான் கோவம்" என்றார். நிஜமாகவே அம்மையாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுவதில் தவறில்லை, அதற்கும் மருந்து இருக்கிறது என்று பிறகு பொறுமையாகச் சொன்னார். மாத்திரையும் களிம்புமாகப் பத்து நாள் ஆனது. ஓட்டத்துக்கு ஆள் எடுத்த நாளில் நீ கன்னத்தில் ஈரத்துணி வைத்துப் படுத்திருந்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தத் தப்பைச் சரிசெய்கிறேன் என்று நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. வெயிலே உனக்கு ஆகாது என்று முடிவு கட்டினேன். மைதானம் வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடத்துக்குக் குடை, முழுக்கைச் சட்டை. மாடியில் துணி எடுக்கப் போனால்கூட பின்னாலேயே வந்து கூப்பிடுவேன். க்ரீம் என்ற பேச்சே வீட்டில் கூடாது. ஐந்து வருஷம் இப்படி. உன் ஓட்டம் அங்கேயே நின்றது. ஒரு சித்திரையில் மாடியில் மாங்காய்த் துண்டுகளை உப்பில் பிசறிக் காயவைத்துவிட்டு இறங்கினேன். உன் அப்பா மண்ணூர்பேட்டை பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "ஊறுகாய வெயில்ல வைக்கிற. வடாத்த வெயில்ல வைக்கிற. பெத்த புள்ளய மட்டும் நெழல்லயே வச்சிகினு கீற. அவன் கெட்டுப் பூடுவான்மே" என்றார். நான் பதிலுக்கு அவரிடம் சண்டை போட்டேன். ஆனால் அவர் போன பிறகு அதையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதிலிருந்து என்னை வெளியே இழுத்தவன் நீதான். கல்லூரி இரண்டாம் வருஷம், வெயிலில் நின்று நிலம் அளக்கிற சர்வே கேம்ப் வரப்போகிறது என்று ஒரு நாள் வந்தாய். மளிகைத் தட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ட்யூபை வைத்தாய். "யம்மா, இது வெயிலுக்குப் பூசறது. இந்த தபா ஒளிக்கல. நீயே பாரு. உன் நோட்டை எடு, ரெண்டு பேருமா டெஸ்ட் பண்ணலாம்" என்றாய். அந்த ரோஸ் வாசனை க்ரீம்தான் எனக்கு நினைவு வந்தது. ஆனால் நீ மறைக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாயே, அதற்காகவே நான் நோட்டை எடுத்தேன். அடுத்த நாள் ட்யூபை எடுத்துக்கொண்டு அந்த டாக்டர் அம்மாவிடமே போய் எப்படிப் பார்ப்பது என்று கேட்டு வந்தோம். முன்கையின் உள்பக்கத்தில், தோல் நன்றாக இருக்கிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவு. காலையும் மாலையும், ஒரு வாரம், அதே இடத்தில். அந்த ஒரு வாரம் வேறு புது சோப்பு, புது எண்ணெய் எதுவும் கூடாது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வம்பு பண்ணியது என்று தெரியாது.

முதல் ட்யூப் பத்தே நிமிஷத்தில் எரிந்தது. ஜெல் மாதிரி இருந்தது, ஆல்கஹால் கலந்தது. கழுவிவிட்டு நோட்டில் கோடு போட்டேன். இரண்டாவது ஐந்து நாள் சாதுவாக இருந்தது. ஆறாம் நாள் நீ அந்தக் கையோடு வெயிலில் நின்றுவிட்டு வந்ததும் பூசின இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகச் சிவந்தது. நிழலில் சும்மா இருக்கிற பூச்சு வெயில் பட்டதும் வேலையைக் காட்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். நீ சலித்துக்கொள்ளவில்லை. சிவப்பு அடங்கும்வரை பத்து நாள் காத்திருந்து மூன்றாவதை ஆரம்பித்தாய். இருபது வயதுப் பிள்ளைகள் ஒரு பதில் வர இரண்டு நிமிஷம் தாமதமானாலே போனைத் தட்டிக்கொண்டிருக்கிற காலத்தில், நீ உன் தோலுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாய். மூன்றாவது உன் தோலுக்கு ஒத்துக்கொண்டது. வாசனை இல்லாதது. பூசினால் வெள்ளையாகத் தெரியும், முகத்தில் மாவு ஒட்டியது போல. சட்டைக் காலரில் படும். ஆனால் எரியவில்லை, சிவக்கவில்லை. ஏழாம் நாள் கட்டத்தில் நான் டிக் போட்டபோது நீ நோட்டை என் கையிலிருந்து வாங்கி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாய்.

அந்த ஒரு மாதத்தில் நானும் ஒன்று கற்றேன். ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிற இங்கிலீஷ். உன் பழைய அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு என்று இருந்தால் அது தோலுக்கு மேலே உட்கார்ந்து வெயிலைத் தடுக்கிற வகை, உன் போன்ற தோலுக்குப் பெரும்பாலும் சண்டை இல்லாதது. ஃப்ரேக்ரன்ஸ் என்றோ பர்ஃப்யூம் என்றோ இருந்தால் வாசனை சேர்த்தது, வேண்டாம். எஸ்.பி.எஃப். என்கிற தடுப்பு அளவு முப்பதுக்குக் குறையக்கூடாது, எல்லா வகை வெயில் கதிரையும் தடுக்கும் என்பதற்கு ப்ராட் ஸ்பெக்ட்ரம் என்றும் போட்டிருக்க வேண்டும். ஆவடி மார்க்கெட்டில் மருந்துக்கடைக்காரர் ஒரு முறை வேறு ஒன்றை எடுத்து நீட்டி, "இது நல்லா போவுதுக்கா, கமகமன்னு இருக்கும்" என்றார். நான் திருப்பிப் பார்த்துவிட்டு, "கமகமன்னு இருக்கறதுதான் வம்பே. இதுல ஆறாவது வரியில பர்ஃப்யூம் போட்டுகீது, மாத்திக் குடு" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆறாவது வரியைத் தேடினார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து இன்றுவரை எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்த நாட்கள் கொஞ்சம்தான்.

ஆனால் அதைவிடப் பெரிய நாள் ஒன்று உண்டு. நீ அறியாமல் நான் வைத்திருக்கும் நாள். போன கத்திரியில் வானகரத்தில் பைபாஸ் பக்கம் மனை அளக்கிற தனியார் சர்வேயரிடம் நீ உதவியாளாகப் போனாய் இல்லையா. ஒரு நாள் மோர் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். மணல் லாரி ஒன்றின் நிழலில் ஒதுங்கி நின்றபோது நீங்கள் எல்லாம் லாரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வந்தது உங்களுக்குத் தெரியாது. டேப் பிடிக்கிற ஏழுமலை உன்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமே, மூஞ்சிய மாவுல முக்கி எட்த்துகினு வந்துகீற? பஜ்ஜி போடப் போறாங்களா?"

"ஆமாண்ணாத்தே, எண்ணெ காஞ்சிகினு கீது. நீயும் வா."

"பொண்ணு பாக்க வரப் போறாங்கடா, வெள்ளையாவறான், வுடு" என்று இன்னொரு குரல்.

எனக்கு அங்கே ரத்தம் கொதித்தது. நீ மழுப்பிவிடுவாய் என்று நினைத்தேன். நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தானே. கல்யாண வீட்டில் முழுக்கையை இழுத்து விடு, யாராவது கேட்டால் கொசுக்கடி என்று சொல் என்றுதானே வளர்த்தேன். நீ ரொம்ப சாதாரணமாகச் சொன்னாய்.

"வெள்ளையாவறதுக்கு இல்லண்ணே. சின்ன வயசுலேர்ந்து எனக்கு கரப்பான் கீது. வெயில் பட்டா எரியும், சொறிஞ்சா ரத்தம் வரும். இத்த பூசிகினாத்தான் சாயங்காலம் வரைக்கும் உங்கூட நிக்க முடியும்."

பிறகு ஏழுமலையின் குரல் வேறு மாதிரி வந்தது. "எனக்கும் கைல கீதுபா. சிமிட்டி வேலை பாத்த காலத்துலேர்ந்து. பாரு. அத்த கொஞ்சம் குடு, நானும் பூசிப் பாக்கறேன்."

"இங்க வேணாண்ணே. தோல் பிச்சிகினு தண்ணி வுடுது பாரு. பிச்சிகினு கீற எடத்துல இத்த பூசவே கூடாது. மொதல்ல டாக்டராண்ட காட்டி ஆத்திக்கோ. அப்பறம் நல்லா கீற எடத்துல ஒரு பொட்டு வச்சி ஒரு வாரம் பாரு. அதுவரைக்கும் காட்டன் சட்டை, முழுக்கை போட்டுகினு வா."

"ஒரு வாரமா? இன்னாபா, பொண்ணு பாக்கற மாதிரி சொல்ற."

"பொண்ணக்கூட ஒரே நாள்ல பாத்துடலாம்ணே. தோல பாக்க முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு இப்போதுதான் வந்தவள் போல அந்தப் பக்கம் வந்து மோரைக் கொடுத்தேன். "ஏன்மா கண்ணு கலங்கிகீது?" என்றாய். "பைபாஸ் தூசி" என்றேன்.

இதையெல்லாம் தெரிந்த உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அம்மாவாயிற்றே, அங்கே போய் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதை எழுதிவிடுகிறேன். குளித்துத் தண்ணீரைத் துண்டால் ஒற்றி எடுத்த உடனே ஈரப்பதம் காக்கிற க்ரீம். டாக்டர் கொடுத்த களிம்பு தேவைப்பட்டால் அதுவும் அந்த நேரத்தில். அதற்குப் பிறகு அரைமணி விட்டுத்தான் வெயிலுக்கானது. தேய்க்காதே, ஒற்றி ஒற்றிப் பரப்பு. கிளம்புவதற்கு முன்பே பூசிவிடு, வெயிலில் நின்றுகொண்டு அவசரமாகப் பூசாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். ராமநாதபுரத்து வெயிலில் வியர்த்து வழிந்தால் அதற்கும் முன்பே. வியர்வையை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றிவிட்டுப் பூசு. அழுக்குத் துணியால் முகத்தை அழுத்தித் துடைக்கிற பழக்கம் உன் அப்பாவிடமிருந்து வந்தது, அதை மட்டும் விட்டுவிடு. க்ரீம் இருக்கிறதே என்று வெயிலிலேயே நிற்காதே. நடுப்பகலில் வேலை இல்லாத பத்து நிமிஷம் கிடைத்தாலும் நிழலுக்குப் போ. அகல விளிம்பு தொப்பியும் முழுக்கையும் எந்தப் பூச்சைவிடவும் நம்பகமானவை. ட்யூபைப் பைக் பெட்டியில் வைத்து வேகவைக்காதே. சாயங்காலம் வந்ததும் சோப்பு போடாமல், டாக்டர் எழுதிக்கொடுத்த வாசனையில்லாத திரவத்தால் முகம் கழுவி, மறுபடியும் ஈரப்பதம். ட்யூப் தீர்ந்து அதே வகை அங்கே கிடைக்கவில்லை என்றால் வேறு ஒன்றை நேரே முகத்துக்குக் கொண்டு போகாதே. கையில் ஒரு வாரம். அந்த ஒரு வாரம் தொப்பியோடும் துணியோடும் சமாளி. ஒரு இடம் உடைந்து ஈரம் கசிந்தால் அங்கே பூசாமல் துணியால் மூடி, அன்றே டாக்டரிடம் போ. இதற்கெல்லாம் மேலாக, கூடத் தங்குகிறவனிடம் முதல் நாளே சொல்லிவிடு. பின் கழுத்தை உன்னால் பார்க்க முடியாது. அங்கே தோல் உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஏழுமலையிடம் சொன்ன வாய் உனக்கு இருக்கிறது.

இப்போது உன் மனுவைப் பற்றி. அதற்கு முன் நான் ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும். நீ இந்த வேலைக்குப் பரீட்சை எழுதின காலையில் நான் கோயிலுக்குப் போனேன். உனக்காக வேண்டிக்கொண்டு வந்தேன் என்று நினைத்துத்தான் நீ குங்குமம் வைக்க நெற்றியைக் காட்டினாய். நான் அம்மனிடம் கேட்டது வேறு. இந்த வேலை அவனுக்குக் கிடைக்காமல் பண்ணு, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்றைக் கொடு, பால்குடம் எடுக்கிறேன் என்று கேட்டேன். பரீட்சை முடிவு வந்த அன்று நீ என்னைத் தூக்கிச் சுற்றி, "எல்லாம் உன் வேண்டுதல்தாம்மா" என்றாய். அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்து இத்தனை நாளாக எடுக்க முடியாமல் கிடந்தது. செவ்வாய்க்கிழமை நீ கேட்டபோது மனு கொடு என்று என் வாய்வரை வந்துவிட்டது. தோசை ஆறிவிடும் என்று சொல்லி அதைத்தான் விழுங்கினேன்.

ஆகவே என் பதில் இது. தோல் உடைந்து, மருந்துக்கு அடங்காமல், டாக்டர் சொன்னால் மனு கொடு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உடம்புக்குத் தேவையானதைக் கேட்பதில் என்ன குறை. ஆனால் இன்றைக்கு, உன் தோல் நன்றாக இருக்கிற இந்த நாளில், என் பயத்துக்காகக் கொடுக்காதே. நீ அந்த மனுவை இன்னும் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். எழுத வேண்டாம்.

புதன்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி, "இன்னாமா, புள்ளக்கு வேலை கெடச்சிட்ச்சாமே, வேண்டுதலா?" என்றார்.

"இல்லங்க. முன்னாடி ஒன்னு கேட்டேன். அத்த திருப்பி வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"திருப்பி வாங்கறதுக்கெல்லாம் இங்க சீட்டு இல்லமா" என்று சிரித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் கேட்கவில்லை. சும்மா நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, பட்டாபிராம் பக்கத்துக்காரி போலிருக்கிறது, "பையன் இன்னா வேலைக்குப் போறான்?" என்று கேட்டாள்.

"சர்வேயர். தெக்க போறான், ராமநாதபுரம். நாள் பூரா வெயில்ல வேலை."

"வெயில்லயா? பாவம்."

"பாவம் இல்லமா" என்றேன். "என் புள்ளக்கு வெயில்ல நிக்கத் தெரியும்."

அம்மா